எச்சட்டத்தின் பேரில்?

சல்லிக் கடற்கரையில் வளர்ந்த எம் வயதினர் எவருக்கும் 'பாஸ்' என்ற சொல் கடலோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். போர் நடந்த ஆண்டுகளில், தோணியும் வலையும் தன்னுடையனவாயினும், கடல் தன் பாட்டனும் பூட்டனும் தொழில் செய்த கடலாயினும், மீனவன் ஒருவன் தொழிலுக்குப் போவதாயின் காவலரணிலே அடையாள அட்டையைக் காட்டிப் பாஸ் பெறவேண்டியிருந்தது. எந்நேரம் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்துணை வலுவுள்ள இயந்திரத்தைப் படகிற் பூட்டலாம் என்பனவெல்லாம் அவனுக்குச் சொல்லப்பட்டன. இரவுத் தொழில் முற்றாகத் தடுக்கப்பட்ட காலங்களும் இருந்தன. இரவிலே மீன் படும் என்பதை அறியாமல் இத்தடையை விதித்தார்களா, அறிந்தேதான் விதித்தார்களா என்று முதியவர்கள் கரையில் அமர்ந்து கேலி பேசியதைச் சிறுவராக இருந்து கேட்டிருக்கின்றோம். ஆனால் "எந்தச் சட்டத்தின் பேரில் இதைக் கேட்கின்றீர்கள்?" என்று காவலரணில் நின்று வினவிய ஒருவரைத்தானும் நாம் கண்டதில்லை.

அண்மையில் ஒருநாள், ஆசிரியர் ஒருவர் விடுமுறையிலிருந்தமையால் குடியுரிமைக் கல்விப் பாடத்தையும் நாமே நடத்த நேர்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதினான்காம் உறுப்புரையை விளக்கினோம்: பேச்சுச் சுதந்திரம், தொழில் செய்யும் சுதந்திரம், நாடெங்கும் நடமாடும் சுதந்திரம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "சேர், எங்கட அப்பப்பா பாஸ் எடுத்துத்தானே கடலுக்குப் போனவர்? அப்ப இந்தச் சட்டம் இருக்கவில்லையா?" என்று கேட்டாள். சட்டம் இருந்தது. அதற்கு அடுத்த உறுப்புரையும் இருந்தது. தேசியப் பாதுகாப்பின் பொருட்டு இவ்வுரிமைகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்றும், அவசரகால ஒழுங்குவிதிகளும் ஈண்டுச் 'சட்டம்' என்ற சொல்லுள் அடங்கும் என்றும் பதினைந்தாம் உறுப்புரை கூறுகின்றது. முன்பக்கத்திலே கொடுத்ததைப் பின்பக்கத்திலே எடுத்துக்கொள்ளும் இவ்வித்தையை அப்பிள்ளைக்கு விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவ்விளக்கத்தின் மிகுதியே இக்கட்டுரை.

தனிமனித சுதந்திரவாதிகள் எனப்படுவோர் ஐரோப்பாவிலே தோன்றி நெடுங்காலமாயிற்று. ஒருவன் எதை உண்பது, எங்கே போவது, எதைப் பேசுவது, எத்தொழிலைச் செய்வது என்பன அவனவன் காரியம். பிறருக்குத் தீங்கு நேராதவரையில் அரசாங்கம் அவற்றுள் மூக்கை நுழைத்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. 1859இல் 'சுதந்திரம்' பற்றி நூல் எழுதிய ஜோன் ஸ்டுவர்ட் மில்லும், 1884இல் தனிமனிதனையும் அரசையும் எதிரெதிரே நிறுத்தி எழுதிய ஹேர்பேட் ஸ்பென்சரும் இவர்தம் முன்னோர். நம் மொழிக்காரரிடையே இக்குரலை உரத்து எழுப்பியவர் இராஜாஜி. 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, பெர்மிட்டும் லைசென்சும் கோட்டாவும் வைத்து ஆளும் ஆட்சியையே தன் முதற் பகையாகக் கொண்டது.

முற்போக்காளராகிய நாம் இவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். காரணமும் உண்டு. சுதந்திரத்தின் பெருமையை எழுதிய மில், முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். 'பின்தங்கிய' மக்களுக்கு அச்சுதந்திரம் உரியதன்று என்று தம் நூலிலேயே விலக்கு எழுதி வைத்தவர். ஸ்பென்சரோ தொழிற்சாலைச் சட்டங்களையும் ஏழைகளுக்கான அரசாங்கக் கல்வியையுங்கூட அத்துமீறல் என்றே எண்ணினார். ஆலை முதலாளி பத்து வயதுக் குழந்தையை வேலை வாங்குவது சுதந்திரம், அதைத் தடுக்க வரும் சட்டம் கொடுங்கோன்மை என்றால், அத்தகைய சுதந்திரம் யாருக்கு வேண்டும்?

ஆயினும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பொய்க் கேள்வியன்று. "என்னைத் தடுக்க உனக்கு அதிகாரம் தந்தது எது?" என்ற அக்கேள்வியை இந்நாட்டிலே நீதிமன்றத்தின் முன் எழுப்பி வென்றவர்கள் செல்வரோ, சுதந்திராக் கட்சியினரோ அல்லர், இடதுசாரிகளே. அவ்வரலாற்றை நம் மாணவர் பலர் அறியார்.

மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேடில் 1912இல் இலண்டனிற் பிறந்து, தாயாருடன் அவுஸ்திரேலியாவிற் குடியேறியவர். அங்கே இளங் கம்யூனிஸ்ட் சங்கத்திற் சேர்ந்திருந்த இவ்விளைஞர், 1936இல் தேயிலைத் தொழில் பழகுதற்கென இலங்கைக்கு வந்தார். மடுல்கலையை அடுத்த ரெலுகாஸ் தோட்டத்திற் பயிற்சித் துரையாக அமர்ந்தார். துரை என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு மலைநாட்டிலே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தொழிலாளியோடு நின்று பேசலாகாது. லயத்துக்குள் நுழைந்து, பிள்ளை ஏன் காய்ச்சலோடு கிடக்கிறது, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்கலாகாது. பிரேஸ்கேடில் கேட்டார். வேலை போயிற்று.

அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, 1935 டிசம்பரிலே தோன்றியிருந்த லங்கா சமசமாஜக் கட்சி. 1937 ஏப்பிரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டியிற் கூடிய கூட்டத்திலே இரண்டாயிரம் அளவில் தோட்டத் தொழிலாளர் திரண்டிருந்தனர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா சிறப்புப் பேச்சாளர். அம்மேடையில் என். எம். பெரேரா, வெள்ளைத் தோழர் ஒருவர் பேசப்போகிறார் என்று அறிவித்தார். கூட்டம் ஆரவாரித்தது. துரைமாரின் சுகவாழ்வையும், அச்சுகத்தைத் தம் உழைப்பாற் சுமப்போரின் நிலையையும் பிரேஸ்கேடில் எடுத்துப் பேசினார். பேச்சிலே புதுமை ஒன்றும் இல்லை. அதைப் பேசியவர் நிறமே புதுமை. வெள்ளைத் தோல் என்பது தோட்டத்திலே ஆட்சியின் முத்திரை. அம்முத்திரை எதிர்ப்பக்கத்து மேடையிலே காணப்பட்டதும் தோட்டத் துரைமாருக்குப் பொறுக்கவில்லை. பொலிசுக்கும் அரசாங்கத்துக்கும் முறைப்பாடுகள் போயின.

ஏப்பிரல் 22ஆந் திகதி தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸின் கட்டளை பிரேஸ்கேடிலின் கையிற் சேர்ந்தது: இருபத்துநான்காந் திகதி மாலை ஆறு மணிக்குள் இத்தீவை விட்டு நீங்குக. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. கப்பலும் ஆயத்தமாக நின்றது. கப்பல் புறப்பட்டது, பிரேஸ்கேடில் அதில் ஏறவில்லை. அவரைத் தோழர்கள் மறைத்து வைத்தனர். பொலிசார் தீவு முழுவதும் தேடினர். மே தினத்தன்று கொழும்பிலே பிரேஸ்கேடில் எமக்கு வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்துக என்ற பதாகைகள் எழுந்தன. மே 5ஆந் திகதி அரசாங்க சபை, உள்நாட்டு மந்திரியின் ஆலோசனையின்றிக் கட்டளை பிறப்பித்தமைக்காகத் தேசாதிபதியைக் கண்டித்து, முப்பத்துநான்கு வாக்குகளுக்கு ஏழு என்ற கணக்கிலே தீர்மானம் நிறைவேற்றியது. அன்று காலிமுகத்திடலிற் கூடியோர் ஐம்பதினாயிரம் என்பர். தலைமை வகித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. சமசமாஜிகளோடு ஏ. ஈ. குணசிங்கா, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, மலையகத் தொழிலாளரின் தலைவர் கோ. நடேசையரின் மனைவியார் ஆகியோரும் பேசினர். பேச்சுக்களின் நடுவே, தேடப்பட்ட மனிதரே மேடையிலே தோன்றினார். நின்றிருந்த பொலிசார் அப்பெருங்கூட்டத்தின் நடுவே என் செய்வர்?

சில நாட்களில் அவர் கொழும்பு புதுக்கடையில், கட்சிச் செயலாளர் வேர்ணன் குணசேகராவின் இல்லத்திலே கைதானார். கைதானதும் ஆட்கொணர் எழுத்தாணை கோரி மனுச் செய்யப்பட்டது. அக்காலத்துத் தலைசிறந்த வழக்கறிஞரான எச். வி. பெரேரா கூலி பெறாது வாதாடினார். அவர் சமசமாஜியும் அல்லர். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் உள்ளிட்ட மூன்று நீதியரசர் வழக்கைக் கேட்டனர்.

அரசாங்கம் தன் கட்டளைக்கு ஆதாரமாகக் காட்டியது 1896ஆம் ஆண்டின் இராசாங்கக் கட்டளை ஒன்று. எவரையும் தீவை விட்டு வெளியேற்றும் அதிகாரம் தேசாதிபதிக்கு அதில் உண்டு. அவ்வதிகாரத்தை அவர் ஏன் செலுத்தினார் என்று நீதிமன்றம் வினவ இயலாது என்பது அரசாங்கத் தரப்பு வாதம். நீதியரசர் அதை ஏற்றிலர். அக்கட்டளை பேராபத்துக் காலத்தை நோக்கிச் செய்யப்பட்டது. 1937இல் அத்தகைய காலம் எதுவும் இல்லை. எனவே அதிகாரமும் இல்லை. அதிகாரம் உண்டா இல்லையா என்பதை ஆராய்வதற்கு நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு என்றனர். நைஜீரியாவிலே லாகோஸ் நகரத்துப் பாரம்பரியத் தலைவரான எலெக்கோவை அந்நாட்டுத் தேசாதிபதி நாடு கடத்திய வழக்கில், 1931இல் கோமறை மன்று அளித்த தீர்ப்பும் இங்கே எடுத்தாளப்பட்டது. ஆட்சியாளன் எவனும், தன் செயல் சட்டத்துக்கு இயைந்தது என்று நீதிமன்றத்தின் முன் காட்டமுடியாதவிடத்து, ஒருவனின் உடலையோ உடைமையையோ தொடல் ஆகாது என்பது அதன் சாரம். மே 18ஆந் திகதி பிரேஸ்கேடில் விடுதலையானார். ஓர் ஆபிரிக்கத் தலைவரின் வழக்கு, வெள்ளை இளைஞர் ஒருவரைக் கொழும்பிலே காத்தது.

சுதந்திரவாதி இக்கதையைக் கேட்டு மகிழ்வான். மகிழட்டும். ஆனால் அவன் தன் கதையை முடிக்கும் இடத்திலே நம் கதை தொடங்குகின்றது. பிரேஸ்கேடிலை வெளியேற்ற விரும்பியவர் யார்? தேசாதிபதிக்கு அவரோடு தனிப்பகை ஏது? தோட்டமுடையோரின் வேண்டுகைக்கு அரசாங்கம் கையாக உதவிற்று, அவ்வளவே. அரசின் கையை மட்டும் பார்த்து, அக்கையை இயக்கிய தோளைப் பாராதவன் பாதியையே கண்டவனாவான்.

தோட்டத்தின் எல்லைக்குள்ளே அரசாங்கம் வேறாகவும் தோட்டம் வேறாகவும் இருந்ததில்லை. 1921 வரையில் அங்கே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடன் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதப்படும். அக்கடனை ஏற்றுத் தீர்க்க இன்னொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவன் இடம் பெயர முடியாது. கடன் துண்டிலே எழுதப்பட்டது. மனிதன் துண்டோடு கைமாறினான். வேலையை விட்டு நீங்குதல் சிறைக்குரிய குற்றமாகவும் 1865ஆம் ஆண்டுச் சட்டத்திலே வைக்கப்பட்டிருந்தது. சல்லி மீனவனின் பாஸுக்கு மூத்த உடன்பிறப்பு இத்துண்டுதான் என்று நமக்குத் தோன்றுகின்றது. முன்னது காவலரணிற் பெற்றது, பின்னது கங்காணியிடம் பெற்றது என்பதே வேறுபாடு.

வெளியார் தோட்டத்துள் நுழைவதை அத்துமீறல் சட்டம் தடுத்தது. லயத்திலே குடியிருப்பவன் தன் வாசலுக்கு ஒரு விருந்தினனை அழைத்தாலும், நிலம் துரையுடையது, விருந்தினன் குற்றவாளி. தஞ்சையிலிருந்து வந்த நடேசையர், தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்காகப் புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார். துணி விற்பவனுக்குத் திறந்த கதவு, துயர் கேட்பவனுக்கு மூடியிருந்தது. சொத்துரிமையின் புனிதத்தைப் பேசும் சுதந்திரவாதியிடம் இதைச் சொன்னால், அது துரையின் நிலம், அவர் விருப்பம் என்பான். அந்நிலத்திலே பிறந்து அங்கேயே மடிந்த ஆயிரமாயிரம் பேரின் நடமாட்டம் யாருடைய விருப்பம்?

1937இன் தீர்ப்பிலிருந்து நாம் ஒரு பாடம் கற்றோம். ஆள்வோர் வேறொரு பாடம் கற்றனர். சட்டம் இல்லாமையால் அல்லவா தேசாதிபதி தோற்றார்? இருக்கும்படி செய்துவிட்டால்? 1947 மே, ஜூன் மாதங்களில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 5ஆந் திகதி அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். அம்மாதத்திலேயே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அவசரநிலை உண்டா இல்லையா என்பதை எந்நீதிமன்றத்திலும் வினவலாகாது என்னும் விதியும் அச்சட்டத்திலே இடம் பெற்றது. பிரேஸ்கேடில் வெளியேறிய வாசல் இவ்வாறு அடைக்கப்பட்டது. 1953இன் ஹர்த்தாலின்போதும், 1958இன் கலவரத்தின்போதும், 1961இன் சத்தியாக்கிரகத்தை முறியடிக்கவும் பயன்பட்ட சட்டம் இதுவே. பிற்காலத்தில் நம் கரையோரத்துப் பாஸும் இதன் நிழலிலேதான் வளர்ந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், நாவலப்பிட்டிக் கூட்டத்திலே பிரேஸ்கேடிலைக் கைதட்டி வரவேற்ற மக்களையும், அவரைப் போன்ற ஏழு இலட்சம் அளவினரையும் நாடற்றவராக்கியது. 1949இல் அவர்தம் வாக்கும் போயிற்று. பேசிய வெள்ளையரை நாடு கடத்தக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. கேட்டிருந்த தமிழர் பதினோராண்டுக்குள் இருந்த இடத்திலேயே அந்நியராயினர். கப்பலிலே ஏற்றாமலே ஒருவனை நாடு கடத்தலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

அவர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கொடக்கான்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்கும்படி கோரினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறிவைத்து இயற்றப்பட்டவை, எனவே செல்லா என்று முடிவு செய்தார். ஓர் உத்தியோகத்தரிடத்து இத்துணிவு அருமை. உயர் நீதிமன்றம் 1951இல் அம்முடிவைத் தள்ளியது. 1953இல் கோமறை மன்றும் அவ்வாறே தீர்த்தது: யார் பிரசை என வரையறுப்பது பாராளுமன்றத்தின் உரிமை, சட்டத்தின் வாசகத்தில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை. எலெக்கோவைக் காத்த அதே மன்று! எச்சட்டத்தின் பேரில் என்று கேட்டவர்களுக்கு, இதோ சட்டம் என்று விடை கிடைத்தது. பெரும்பான்மை கைதூக்கிச் செய்த சட்டமும் அத்துமீறலாக இருக்கலாம் என்பதற்கு மில்லின் நூலிலேயே இடமுண்டு. கோமறை மன்றிலே இடமில்லை.

இங்கே நம் இல்லத்துக் குறையையும் நாம் பேசியாக வேண்டும். 1948இல் இச்சட்டத்தைச் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் பாராளுமன்றத்திலே எதிர்த்தனர்; அவ்வரலாறு அவர்களுக்குப் பெருமை. தமிழ்த் தலைமையோ இதிற் பிளவுண்டது. அப்பிளவிலேதான் 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஆனால் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான போது, என். எம். பெரேரா அதே அரசாங்கத்தின் நிதி மந்திரி. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று வைத்தார்கள். பங்கிடப்பட்டவர் எவரிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. நாவலப்பிட்டி மேடையிலே வெள்ளைத் தோழரை அறிமுகம் செய்தவர் இதற்கு உடன்பட்டு ஆசனத்தில் இருந்தார் என்பதை நம் மாணவரிடம் மறைத்தல் நேர்மையாகாது.

1971 ஏப்பிரலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ச்சி செய்தபோது ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணியில் இடதுசாரிகளும் பங்காளிகள். அவ்வாண்டு மார்ச்சிலே பிரகடனமான அவசரநிலை 1977 பெப்ரவரி வரை நீடித்தது. 1972இல் இயற்றப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம், சாதாரண நீதிமன்றிலே செல்லாத ஒப்புதல் வாக்குமூலத்தை அங்கே செல்லச் செய்தது. அதே ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, இயற்றப்பட்ட சட்டம் எதனையும் நீதிமன்றம் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது. சிறுபான்மையினருக்கு இருந்த இருபத்தொன்பதாம் பிரிவும் அதில் இல்லாது போயிற்று. அவ்வரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு வகித்த அமைச்சர், காலிமுகத்திடற் கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா. நம் கையிலே அதிகாரம் வந்தால் அது மக்களின் அதிகாரம், அதற்குக் கடிவாளம் எதற்கு என்ற எண்ணம் நம்மவரிடையே அன்று இருந்தது, இன்றும் இல்லாமலில்லை. கடிவாளம் இல்லாத குதிரையை எவரும் ஏறிச் செலுத்தலாம். 1977இல் ஏறியவர்கள் யார் என்பது தெரியும். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. பதினெட்டு மாதம் வரை குற்றச்சாட்டின்றித் தடுத்து வைக்கவும், பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளவும் அதில் இடம் வைக்கப்பட்டது. மூன்றாண்டுக்கென வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

நம் மாவட்டத்திலே கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006 ஏப்பிரலில் இடம் பெயர்ந்தார்கள். 2007 மே மாதம் அவசரகால ஒழுங்குவிதியின்படி அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்தபின் 2012இல் மற்றோர் அறிவித்தல் வெளியாயிற்று: அக்காணிகளில் 818 ஏக்கர் கைத்தொழில் முதலீட்டு வலயம் என்று. பாதுகாப்பின் பேரால் எடுத்த நிலம் முதலீட்டாளரின் கைக்குப் போகவிருந்தது. அரசின் கையையும், அதற்குப் பின்னுள்ள தோளையும் ஒருங்கே காண விரும்புவோர் 1937 வரை போகவேண்டியதில்லை. முகாம்களில் இருந்தபடியே அம்மக்கள் விடாது கேட்டார்கள், மனுப்போட்டார்கள். 2015இல் அவ்வறிவித்தல் இரத்தாகி, மக்கள் மீளத் தொடங்கினர். திரும்பியவர்கள் முதலிற் செய்தது, தம் கிணறு எங்கே இருந்தது என்று பற்றைக்குள் தேடியது.

பிரேஸ்கேடில் 1937 முடிவதற்குள் தாமாகவே இங்கிலாந்துக்குப் போய்விட்டார், 1999இற் காலமானார். நாடற்றோராய் எஞ்சியிருந்த மலையக மக்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. நாவலப்பிட்டிக் கூட்டத்துக்கு அப்பொழுது வயது அறுபத்தாறு. அங்கே கைதட்டிய இரண்டாயிரம் பேரில் எத்தனை பேர் அதைக் காண உயிரோடிருந்தார்களோ!

சல்லியிலே இப்பொழுது பாஸ் கேட்பார் இல்லை. அம்மாணவியின் அப்பப்பா மட்டும், பழைய பாஸை ஒரு பொலித்தீன் உறையிற் சுற்றிப் பெட்டியிலே வைத்திருக்கிறாராம். ஏன் என்று கேட்டோம். "திரும்பக் கேட்டாலுமெண்டு" என்றாள்.